கூரைப்புடவை கட்டி வரும்வரை

பெண்ணைக் கூரைப்புடவை கட்டிக்கொண்டு வர உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். ஒன்பது கஜம். கட்டிவிடப் போகிறவள் மாப்பிள்ளையின் அக்கா, அவளுக்கே யாராவது கட்டிவிட்டால்தான் உண்டு. இருபது நிமிஷம் என்றார் வாத்யார். அரை மணிக்குக் குறையாது என்று பஞ்சாபகேசன் நினைத்துக்கொண்டார், நினைத்த மாத்திரத்தில் இடது கெண்டைக்காலில் அந்த வலி ஒரு தரம் சுண்டியது, நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற மாதிரி. மேடையில் நெல் மூட்டை, மூட்டை மேல் அவர். பெண்ணைப் பெற்றவன் மூட்டையில் உட்கார்ந்து, பெண் அவன் மடியில் உட்கார்ந்து, அப்புறம்தான் தாலி ஏற வேண்டும். அறுபத்து மூன்று வயசில் முப்பத்து நாலு வயசுப் பெண்ணை மடியில் தாங்குவது என்பதைச் சாஸ்திரம் எழுதினவன் யோசிக்கவில்லை, அவன் காலத்தில் எட்டு வயசிலேயே தள்ளிவிட்டிருப்பார்கள். "மாமா, அவா வர நாழியாகும். எழுந்து சித்த காலை நீட்டிக்கோங்கோளேன்" என்றார் வாத்யார். "பரவாயில்லை" என்றார் இவர். எழுந்தால் மறுபடி உட்கார முடியுமா என்று அவருக்கே நிச்சயமில்லை. காலை ஆறு மணிக்குப் பஞ்சகச்சம் கட்டும்போது வலது காலில் தழைந்து விழுந்த வேஷ்டி இடது காலில் பிடித்தது. ஒரே வேஷ்டிதான், ஒரே மனுஷன்தான். கால்தான் இரண்டும் ஒன்றில்லை. எதிரே ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை முகுந்த் உட்கார்ந்து புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். கூடத்துக் கடிகாரம் ஒன்பது பத்து காட்டியது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே வாங்க. டாக்டர் ஷமீமா சொன்னது. ஒல்லியான பெண், ஒன்றைச் சொன்னால் அது புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், புரியவில்லை என்றால் மறுபடி சொல்வாள், கோபம் வராது, அதுதான் பயமாக இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே வாங்க, மூச்சு முட்டினா, இருமும்போது ரத்தம் வந்தா, நீங்களா கிளம்பி வராதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னாள். இவர் பக்கத்தில் பெண் அபர்ணா உட்கார்ந்து சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். உங்க உடம்பே உங்க ரத்தக் குழாயை எதிரின்னு நினைச்சு அடிக்குது ஐயா. அடிபட்ட சுவர் புண்ணாகுது, புண்ணான இடத்துல ரத்தம் ஒட்டி உறையுது. நோய்க்கு ஏதோ அயல்நாட்டு டாக்டர் பேர், பெஷெட் என்று. பஞ்சாபகேசன் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், அத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பேர் ஆயிற்றே. அந்தக் கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போயிடுமா என்று கேட்டாள் அபர்ணா. இந்த நோயில அது சுவரோட நல்லா ஒட்டிக்கிட்டிருக்கும், சட்டுன்னு கழண்டுக்காது, ஆனா கழண்டுக்கவே கழண்டுக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் என்றாள் டாக்டர். நேற்று ராத்திரி கால் கனத்ததிலிருந்து முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் இவர். ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய சுவரில் சுண்ணாம்பு ஒட்டின மாதிரி. ஆனால் சுண்ணாம்பு உதிராத பழைய சுவர் எங்கே இருக்கிறது. இதை நினைத்திருக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும்.

வேறு எதை நினைத்தாலும் கடைசியில் அந்த 'ம்'மில் வந்து நிற்கிறது. விடியற்காலை அஞ்சு மணி. மங்கள ஸ்நானம் ஆகி ஈரத்தலையோடு நமஸ்காரம் பண்ண வந்தாள் அபர்ணா. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார், கீழே வைக்கக்கூட இடது கால் முனகியது. குனிந்தாள், இரண்டு பாதத்தையும் தொட்டாள். வலது பாதத்தில் தொட்ட கை எடுபட்டுவிட்டது. இடது பாதத்தில் இருந்த கை எடுபடவில்லை. கணுக்காலுக்கு மேலே அவள் கட்டைவிரல் ஒரு தரம் அழுத்தியதா, அல்லது எழுந்திருக்க ஊன்றிக்கொண்டாளா? அழுத்தினாள் என்றுதான் பட்டது. எடுத்தபோது அங்கே குழி விழுந்திருந்தது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி, நிரம்ப மாட்டேன் என்று அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா நின்னுண்டே இருந்தேனோல்லியோ, நீர் கோத்துண்டுடுத்து" என்றார் இவர், கேட்காத கேள்விக்குப் பதில். அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். தெரிந்து சொன்ன 'ம்'மா, தெரியாமல் சொன்ன 'ம்'மா? நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள்தானே, ஒரு கால் மட்டும் என்று கீழே கோடு போட்டவள் அவள்தானே. தெரிந்திருந்தால் அங்கேயே காரியத்தை நிறுத்தியிருக்க மாட்டாளா, அப்பா எழுந்திருங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று? மாட்டாள் என்று ஒரு குரல் சொன்னது. அவர் அந்தக் குரலைச் சட்டை பண்ணவில்லை. கல்யாணப் பெண், கையில் மருதாணி, தலைக்குள் ஆயிரம், கிழவன் காலையா உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெரியவில்லை. தெரியாமல் இருந்தால்தான் நல்லது. தாரை வார்க்கும்போது முதல் தரம் மடியில் உட்கார்ந்தாளே, எப்படி உட்கார்ந்தாள்? பட்டும் படாமல். விரல் நுனியில் காலை ஊன்றி, பாரம் முழுக்கத் தன் தொடையிலேயே தாங்கிக்கொண்டு, இவர் மடிக்கு வந்தது புடவைக் கனம் மட்டும்தான். அவள் தொடை நடுங்குவதுகூட இவருக்குத் தெரிந்தது. அத்தனை பிரியம். அப்படியானால் தெரியும் என்றல்லவா ஆகிறது. சனியன், எங்கே சுற்றினாலும் அங்கேயே கொண்டு வந்து விடுகிறது.

மனைவி பாகீரதி வந்தாள். கடுகு நிறப் பட்டு, மூக்குத்தி, கையில் சந்தனக் கிண்ணம். அவளுடைய வெற்றி இன்றைக்கு, நடையிலேயே தெரிந்தது. குனிந்து, சிரித்த முகத்தோடு, பார்க்கிறவர்களுக்கு ஏதோ அன்பாகச் சொல்கிற மாதிரி, "முகத்தை இப்படி வெச்சுக்காதேங்கோ. வீடியோக்காரன் இங்கேதான் எடுத்துண்டிருக்கான். ஆத்தூர் வந்த மாதிரி இருக்கேள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆத்தூர். முப்பது வருஷமாக அந்த ஊர்ப் பேர் அவர்கள் வீட்டில் ஒரு வியாதிக்குப் பேர். உரக் கம்பெனியில் டெப்போ பார்க்கிற வேலை, மாதத்தில் பத்து நாள் ஆத்தூர், நாமக்கல் என்று சுற்று. முப்பத்து மூன்றாவது வயசில் முதல் தடவை வாயெல்லாம் புண், சோறு தொண்டையில் இறங்கவில்லை, அதோடு சொல்லக்கூடாத இடத்திலும் புண். கூச்சத்தோடு காட்டின முதல் டாக்டர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியூர்ல தங்கறதுண்டா என்று கேட்டார், பக்கத்தில் பாகீரதி நாலு வயசுக் குழந்தையோடு நின்றாள். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அது என்ன பரிசோதனை என்று பக்கத்து வீட்டு நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் அவள். ரிசல்ட் ஒன்றும் இல்லை என்று வந்தது. வந்தால் என்ன, சந்தேகத்துக்குச் சீட்டா வேண்டும். அன்றைக்குக் குழந்தையை நடுவில் போட்டுப் படுத்தாள், குழந்தை வளர்ந்து எழுந்து போன பிறகும் அந்த இடம் காலியாகவே இருந்தது. புண் வரும், பதினைந்து நாளில் போகும், மறுபடி வரும். வருகிறபோதெல்லாம், "என்ன, ஆத்தூர் வந்துடுத்தா" என்பாள், பால்காரன் வந்துவிட்டானா என்று கேட்கிற குரலில். ஆத்தூரில் அவர் பார்த்த ஒரே பெண்பிள்ளை மெஸ் நடத்தின கிழவி. இருபது வருஷம் கழித்து டாக்டர் ஷமீமா நோய்க்குப் பேர் சொன்ன அன்று, சீட்டை எடுத்துக்கொண்டு விடுதலைத் தீர்ப்பு வாங்கினவன் மாதிரி வீட்டுக்கு ஓடினார், சமையலறை வாசலில் நின்று வாசித்துக் காட்டினார். யாரிடமிருந்தும் தொத்திக்கிற நோயில்லை, இதோ எழுதியிருக்கு பார். அவள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். "பேர் வெச்சுட்டா ஆச்சா" என்றாள். அதற்கப்புறம் அவர் அவளிடம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. இவளிடம் சொல்லி வாழ்வதைவிட.

அதை முடிக்காமல் விட்டார். இன்றைக்குச் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஆனால் மனசுக்கு நல்ல நாள் கெட்ட நாள் உண்டா, அது ஓரமாக நின்று கணக்குப் போட்டது. தாலி ஏறுவதற்கு முன்னால் உயிர் போனால் என்ன ஆகும், ஏறின பிறகு போனால் என்ன ஆகும். முன்னால் என்றால், விரதம் ஆரம்பித்தாகிவிட்டது, தீட்டு இல்லை, நடத்தலாம் என்பார் வாத்யார், சாஸ்திரத்தில் இடம் இருக்கும். மனுஷாளிடம் இருக்காது. மாப்பிள்ளையின் அம்மா மாலையைக் கழற்று என்பாள், அபசகுனம் என்பாள். ஏறின பிறகு என்றால் அபர்ணா வேற்று கோத்திரம். மூன்றே நாள் தீட்டு. தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு நாலாம் நாள் ரயிலேறி விடலாம். மூன்று முடிச்சு தாண்டிவிட்டால் போதும். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து போய்விட்டது. முதல் இடத்தில் பையனின் மாமா மருந்துக்கடை வைத்திருந்தவன், காபி சாப்பிட வந்தவன் ஷெல்பில் இருந்த மாத்திரைப் பட்டையைப் படித்துவிட்டான், பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அப்பாவுக்கு இருக்கிறது பெண்ணுக்கு வராது என்று என்ன நிச்சயம் என்று தரகரிடம் சொல்லியனுப்பினான். இரண்டாவது இடத்தில் பையனின் பாட்டனார் காலமாகி, வருஷம் கழியட்டும் என்று சொல்லி, வருஷம் கழிந்ததும் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு அபர்ணா சொன்னாள், இன்னும் ஒரே ஒரு தடவைதான் புடவை கட்டிண்டு வந்து நிப்பேன், அதுதான் கடைசி. அப்படி நின்ற கடைசி தடவைதான் இது. அதனால்தான் ஆயிரம் பொய் சொல்லியாவது என்று இறங்கினார். ஆயிரம் வேண்டியிருக்கவில்லை, ஒன்றே போதுமானதாக இருந்தது. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பாகீரதியைத் தனியே கூப்பிட்டு, மாமாவுக்கு ஏதாவது பழக்கம் உண்டோ, முகம் ஊதியிருக்கே என்று கேட்டாள். குடிக்கிறாரா என்பதை இவ்வளவு மரியாதையாகக் கேட்க அவர்களால்தான் முடியும். ஊதினது ஸ்டீராய்டு மாத்திரை. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, கண்ணாடியில் அவருக்கே வேறு யாரோ தெரிந்தான். கல்யாண போட்டோ வீட்டுச் சுவரில் காலத்துக்கும் தொங்குமே. மறுநாளே நிறுத்த ஆரம்பித்தார். சட்டுன்னு நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, முதல் வாரம் பாதி, இரண்டாம் வாரம் கால், அப்புறம் சுத்தமாக ஒன்றுமில்லை, டாக்டரே இப்படித்தான் குறைப்பாள் என்று தனக்குத்தானே வைத்தியமும் பார்த்துக்கொண்டார். இன்றோடு நாற்பது நாள். மற்ற மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கிறது உள்பட, நாலு நாளாக வீட்டு இரும்பு அலமாரியில். மண்டபத்தில் இரண்டு வீட்டாருக்கும் ஒரே மாடி, திறந்த கதவு, மருந்துக்கடை மாமா மாதிரி யாராவது இருப்பான். நாலு நாளில் என்ன குடி முழுகிவிடும். முகம் வற்றியது. உற்றார் உறவு எல்லோரும் சொன்னார்கள், பஞ்சு இளைச்சு வாலிபமாயிட்டான் என்று. அபர்ணா போன வாரம் மாத்திரை டப்பாவைத் துடைத்து வைத்தவள், திரும்பி இவர் முகத்தைப் பார்த்து, "அழகாயிட்டேள்ப்பா" என்றாள். பெண் வாயால் அதைக் கேட்டு இரண்டு நாள் உச்சி குளிர்ந்திருந்தார் மனுஷன். வாயில் புண் திரும்பி வந்திருந்ததை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே குளிர்ந்திருந்தார்.

"மாமா, தண்ணி குடிக்கறேளா?" என்று கேட்டான் முகுந்த் எதிரேயிருந்து, மெதுவாக, மந்திரம் கெடாமல். இவர் உதட்டைப் பார்த்திருப்பான், காய்ந்து பிளந்திருந்தது. முகூர்த்தம் ஆகும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று அவர் வைராக்கியம். வாத்யாரே பால் சாப்பிடலாம் என்றார், இவர்தான் மறுத்தார். உண்மை என்னவென்றால் தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போவதென்றால் நடக்க வேண்டும், நடந்தால் நொண்டுவது தெரியும். "வேண்டாம்ப்பா, ஆகட்டும்" என்றார். பையன் சிரித்தான். முன்மண்டையில் வழுக்கை தொடங்கியிருந்தது, அதை மறைக்க எந்தப் பிரயத்தனமும் செய்யாதவன். இவனிடம் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் அதனாலென்ன மாமா, எங்க சித்தப்பாவுக்கும் ஏதோ இருக்கு என்றிருப்பான். நல்ல பிள்ளை. அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும்விடக் காந்தியது. நாற்பது நாள், முகம், அலமாரி, எல்லாம் ஒன்றுமில்லாததற்கா? பந்தியில் யாரோ உரக்கப் பேசுவது கேட்டது. சமையல் காண்டிராக்டர். "பின்வாசலை அடைச்சிண்டு ஒரு வெள்ளை வண்டி காலம்பரலேர்ந்து நிக்கறது. நகருய்யான்னா, சொன்னாத்தான் நகருவேங்கறான். காய்கறி வண்டி உள்ள வர வேண்டாமா? யார் வண்டி ஓய் அது?" யாரோ, மாப்பிள்ளை ஆத்து வண்டியா இருக்கும், விடும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்றால் எதுவும் செல்லும் இன்றைக்கு. கால் தொடை வரைக்கும் கனத்தது இப்போது, தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை யாரோ இடுப்பில் கட்டிவிட்ட மாதிரி. சூடு வேறு. ஹோமப் புகை என்று நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். வலது பக்க விலாவுக்குக் கீழே ஊசி குத்தினது போல ஒன்று, இழுக்கிறபோது மட்டும். புகைதான். புகை விலாவில் குத்துமா? குத்தும், குத்தட்டும்.

இருமல் வந்தது. அங்கவஸ்திரத்தை வாயில் வைத்துக்கொண்டார். இருமி முடித்து, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். ஒரு குன்றிமணி அளவுக்குச் சிவப்பு. வாய்ப்புண்ணாக இருக்கலாம். வெற்றிலை போடவில்லையே. புண்ணுதான். மடித்து உள்பக்கமாக வைத்துக்கொண்டார். மூச்சு முட்டினா வராதீங்க, கூப்பிடுங்க. மூச்சு. இந்த மூச்சு விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய கடன் இருந்தது, அதை நினைக்காமலே இத்தனை நேரம் ஓட்டியிருந்தார். ஏழு வருஷம் முன்னால், அபர்ணாவுக்கு இருபத்தேழு. ஸ்டீபன் என்று ஒரு பையன், அவள் ஆபீஸ்தான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள், ஒளிவு மறைவு இல்லை. பாகீரதி கத்தினாள், அழுதாள், அதெல்லாம் அபர்ணாவை அசைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அபர்ணா, மூச்சு முட்டறதும்மா. சுகமாகத்தான் இருந்தார். நோட்டுப் புத்தகத்தில் இருந்த வார்த்தையை எடுத்து அப்படியே உபயோகித்தார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவளே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், வண்டியில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஒண்ணும் ஆகாது, அப்பா நான் எங்கேயும் போகலைப்பா என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அதை டாக்டர் சொன்னபோது அவள் இவரைப் பார்த்தாள். "ம்" என்றாள். ஆமாம், இதே 'ம்'தான். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போய் அரை மணி போனில் பேசினாள், அதற்கப்புறம் ஸ்டீபன் என்கிற பேரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. தகப்பனையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, வேளாவேளைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தினாள், டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். தங்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது இந்த மூட்டை மேல் உட்கார்ந்து, பாதி மூச்சில், அவருக்கு முதல் தடவையாக அந்தத் தங்கம் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. அரக்குச் சிவப்பில் மடிசாரோடு வந்தாள் அபர்ணா, பெண்டுகள் சூழ. நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டார். மணி ஒன்பது நாற்பத்தைந்து. பட்டும் படாமல் உட்கார்ந்துவிடுவாள், முதல் தரம் உட்கார்ந்த மாதிரி, அஞ்சு நிமிஷம், அப்புறம் ஏதாவது சொல்லி எழுந்து போய்விடலாம், தலை சுற்றுகிறது என்று, பட்டினிதானே, நம்புவார்கள். "உட்காரும்மா" என்றார் வாத்யார். அவள் திரும்பி, புடவையை ஒதுக்கி, அவர் மடியில் உட்கார்ந்தாள். கால் விரலை ஊன்றவில்லை. இரண்டு பாதத்தையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மொத்தப் பாரத்தையும் இறக்கி உட்கார்ந்தாள், நாற்காலியில் உட்காருகிற மாதிரி. முதுகை அவர் மார்பில் சாய்த்துக்கொண்டாள். இடது தொடையில் ஏதோ நசுங்கி மேலே பிதுங்கினது போல் இருந்தது, கண் இருட்டி வெளுத்தது. "ஆடாம இருக்கணும், மாங்கல்யம் ஏறற நேரம்" என்றார் வாத்யார். "ஆட மாட்டேன் மாமா" என்றாள் அவள். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதடு அசையாமல், அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல் கேட்டாள். "மூச்சு முட்டறதாப்பா?"

எந்தச் சொல்லைச் சொல்லி அவள் வாழ்க்கையை ஏழு வருஷம் நிறுத்தி வைத்தாரோ, அந்தச் சொல். இப்போது அது நிஜம். ஆமாம் என்று சொன்னால் போதும், அவள் எழுந்துவிடுவாள். எழுந்துவிடுவாளா? "இல்லைம்மா" என்றார். "நிஜமா?" என்றாள். "நிஜமா." அவர் மார்பின் மேல்தான் அவள் முதுகு இருந்தது. அவர் மூச்சு எத்தனை குட்டையாக, எத்தனை அவசரமாகப் போய் வருகிறது என்பது அந்த முதுகுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவள் அசையவில்லை. "சரி. இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்கோ" என்றாள். "பின்வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கறது. காலம்பர அஞ்சரைக்கே வரச் சொல்லிட்டேன்." அஞ்சரை. நமஸ்காரம் பண்ணி எழுந்து போய் அரை மணி. கட்டைவிரல் குழியைப் பார்த்த கண், மாத்திரை டப்பாவைத் துடைத்துவிட்டு அழகாயிட்டேள்ப்பா என்று சொன்ன வாய். எல்லாம் அப்போதே எண்ணியாகிவிட்டது. அபர்ணாவா? இல்லை, பஞ்சாபகேசனின் பெண். அவரே பெற்று, அவரே கற்றுக்கொடுத்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. வாத்யார் கையைத் தூக்கினார், கெட்டிமேளம் கொட்டியது, இனிமேல் யார் இருமினாலும் யாருக்கும் கேட்காது. அட்சதை முகத்தில் வந்து விழுந்தது. முகுந்த் குனிந்து அபர்ணாவின் பின்கழுத்தில், இவர் கண்ணுக்கு நேரே, முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும். அவள் வந்தாள், வளையல் ஜடை பில்லையில் மாட்டிக்கொண்டது, சிரித்தாள், எடுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு முடிச்சு. பஞ்சாபகேசன் வாயை மூடி வைத்துக்கொண்டார், உப்புக் கரிக்கிற ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அதை விழுங்கினார். இன்னும் ஒன்று. நாத்தனாரின் விரலுக்குக் கயிறு வழுக்கியது. பின்னால் நின்றிருந்த பாகீரதி சிரித்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்தாள். "மெதுவாப் போடும்மா. அவசரமே இல்லை, நன்னா இறுக்கிப் போடு" என்றாள்.